பல்குச்சியும் பொலோனியும்: கிருமியின் பெயரை இயந்திரம் சொன்னால் போதுமா?

மார்ச் 2, டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ் வாசகர் ஒருவரின் கேள்வி

"மருத்துவமனை ஆய்வகங்களில் லேசர் இயந்திரம் வந்துவிட்டது. சில நிமிடத்தில் கிருமியின் பெயரைச் சொல்கிறது. கிருமியின் மரபணுத்தொகுப்பு முழுவதையும் ஓரிரு நாளில் படித்துவிடுகிறார்கள். இன்னும் எதற்கு அகார் என்ற கூழ்த் தட்டில் கிருமியைப் பூசி, இன்குபேட்டர் என்ற வெப்பப்பெட்டியில் வளர்க்கிற பாட்டன் காலத்து வேலை? இந்த இயந்திரத்தை, லிஸ்டீரியாக் கிருமி புகுந்த அந்தப் பொலோனி (வேகவைத்த இறைச்சி உருளை) தொழிற்சாலை வாசலில் வைத்திருந்தால் 2018-இல் அத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். தங்கள் வேலை போய்விடும் என்று ஆய்வகத்துக்காரர்கள் வாய் திறப்பதில்லை என்பது என் கணிப்பு."

மார்ச் 2, இரவு

தம்பி, வேலை போய்விடும் என்ற பயம் எனக்கில்லை. இன்னும் நான்கு வருடத்தில் ஓய்வு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஆய்வகத்தின் நுண்ணுயிரிப் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் இயந்திரத்துக்குத் தினமும் தீனி போடுகிறவள் நான்தான்.

தீனி எப்படி என்று கேளுங்கள். கையகல எஃகுத் தட்டில் 96 சிறு வட்டங்கள். அகாரில் முளைத்த கிருமிக் கூட்டத்தை ஒரு மரப் பல்குச்சியின் நுனியால் தொட்டு, வட்டத்துக்குள் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். ஆம், சாப்பிட்டுவிட்டுப் பல் குத்துவோமே, அதே குச்சி. புதிதாக வரும் பிள்ளைகள் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதுபோல் அப்பிவிடுவார்கள், இயந்திரம் விழிக்கும். தேய்த்ததன் மேல் ஒரு மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ் திரவம், லேசர் ஒளியை உள்வாங்குவதற்கு. அது காய்ந்து வெளிர் மஞ்சளாகப் படிகம் கட்டும். பிறகு தட்டு வெற்றிடத்துக்குள் போகும், லேசர் அடிக்கும், கிருமியின் புரதங்கள் மின்னேற்றம் பெற்று ஒரு குழாய்க்குள் பறக்கும். எடை குறைந்தது முதலில் வந்து சேரும், கனத்தது பின்தங்கும். வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு எடையைக் கணக்கிடுகிறார்கள். 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடை அளவு) வரை எடையுள்ள புரதங்கள், பெரும்பாலும் செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமைச் சேர்ந்தவை, முகடு முகடாகத் திரையில் எழும். அந்த முகடுகளின் வரிசை இனத்துக்கு இனம் வேறு. முன்பே சேர்த்துவைத்த முகடுகளின் நூலகத்தோடு ஒப்பிட்டுப் பெயர் வரும். இதற்கு மால்டி-டாஃப் என்று பெயர்.

சில நிமிடம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பல்குச்சியில் ஒரு லட்சம் பாக்டீரியாவாவது ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் ஒரே இனமாக. காய்ச்சலில் கிடப்பவரின் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒன்றை லட்சமாக்குவது யார்? உங்கள் பாட்டன் காலத்து அகாரும் இன்குபேட்டரும்தான். பேறுகாலத்துக்குக் காத்திருக்கிற வேலை தம்பி இது; மருத்துவச்சி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் குழந்தை தன் நேரத்துக்குத்தான் வரும்.

மார்ச் 3

இந்த இயந்திரம் பிறந்த கதை எனக்குப் பிடித்தது. ஜப்பானில் கொயிச்சி டனாகா என்ற பொறியாளர் 1985-இல் கோபால்ட் நுண்தூளோடு வேறொரு திரவம் சேர்க்கப்போய்த் தவறுதலாகக் கிளிசரினை ஊற்றிவிட்டார். கொட்டிவிட மனம் வரவில்லை, வீணாகிவிடுமே என்று அதையே லேசரில் வைத்துப் பார்த்தார். பெரிய மூலக்கூறு உடையாமல் பறந்தது. 2002-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு. எங்கள் ஆய்வகத்தில் யாராவது எதையாவது மாற்றி ஊற்றிவிட்டால் "டனாகா, டனாகா" என்று கேலி செய்வோம். இதுவரை ஒருவருக்கும் நோபல் வரவில்லை, மேலாளரின் கடிதம்தான் வந்தது.

மார்ச் 4, காலை

பிரிட்டோரியாவிலிருந்து ஒரு வாசகர் குட்டு வைத்திருக்கிறார். சரிதான், வாங்கிக்கொள்கிறேன். நாங்கள் இன்று ஊற்றும் மேட்ரிக்ஸ் டனாகாவின் கோபால்ட் வழியில் வந்ததல்ல. ஜெர்மனியில் ஹில்லன்காம்ப், காரஸ் இருவரும் வளர்த்தெடுத்த முறை அது. மால்டி என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். பெரிய புரதத்தை முதலில் பறக்கவிட்டவர் டனாகா, அவ்வளவே. நோபல் பரிசு கிடைத்தது டனாகாவுக்கு. அந்தப் பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை.

மார்ச் 4, இரவு

தேதியைப் பார்த்தேன். 2018-இலும் மார்ச் 4. அன்று ஞாயிற்றுக்கிழமை. சாட்ஸ்வொர்த்தில் மாமியார் வீட்டில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் சுகாதார அமைச்சர் மோட்சோலெடி. லிஸ்டீரியா வந்த இடம் தெரிந்துவிட்டது, போலோக்வானேயில் உள்ள ஓர் ஆலையில் செய்த பொலோனி என்றார். மாமியார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். இளஞ்சிவப்புக் குழாய்போல் ஒரு பொலோனி, பாதி அறுத்தது, அறுத்த முனையில் பிளாஸ்டிக் உறையை முறுக்கி ரப்பர் வளையம் போட்டிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே பேரப்பிள்ளைகளின் தயிர்க் கிண்ணம்.

நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது பொலோனி என்றால் எனக்கு என்னவென்றே தெரியாது. வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு வதக்கி ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். மலிவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அதுதான் மதியச் சாப்பாடு. வதக்கினால் கிருமி செத்துவிடும். ஆனால் அவசரக் காலையில் யார் வதக்குகிறார்கள்? அறுத்து அப்படியே வைப்பதுதான்.

லிஸ்டீரியாவின் விஷமத்தனம் குளிர்பெட்டியில்தான் தெரியும். மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவை 4 டிகிரியில் சுருண்டு படுத்துவிடும். இது மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். நாம் கெடாமல் இருக்க உள்ளே வைத்தோம், அது அங்கே குடும்பம் நடத்துகிறது.

1,060 பேருக்கு நோய் உறுதியானது, 216 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள். உலகில் பதிவான லிஸ்டீரியாப் பரவல்களில் இதுவே பெரியது.

மார்ச் 6

அந்தத் தொழிற்சாலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நோயாளிகளின் இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் வளர்ந்த கிருமிகளை ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்பினோம். அங்கே மரபணுத்தொகுப்பைப் படித்தார்கள். லிஸ்டீரியாவுக்கு ஏறக்குறைய 29 லட்சம் எழுத்துகள். பத்தில் ஒன்பது நோயாளிகளிடம் இருந்தது ஒரே குடும்பம், எஸ்டி6 என்று எண் கொடுக்கப்பட்டது. ஒன்பது மாகாணங்களில் ஆளுக்கொரு ஊரில் படுத்திருந்தவர்களின் கிருமிகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போல் இருந்தன. ஆகவே மூலம் ஒன்று, நாடு முழுக்கப் போகிற உணவு ஒன்று. இதை மால்டி-டாஃப் சொல்லவே சொல்லாது. அதற்கு எல்லாம் லிஸ்டீரியாதான், அத்தனை பேரும் ஒரே முகம்.

சரி, எந்த உணவு? மரபணுவில் அது எழுதியிருக்கவில்லை. இந்த நோய் சாப்பிட்டு 70 நாள் கழித்தும் வரலாம். இரண்டு மாதத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்று காய்ச்சலில் கிடப்பவரைக் கேட்டால் என்ன சொல்வார்? நானாக இருந்தால் சாம்பார் என்பேன், எந்த நாளைக் கேட்டாலும் சரியாக இருக்கும்.

முடிச்சு அவிழ்ந்தது 2018 ஜனவரியில். சொவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தைச் சேர்ந்த ஒன்பது பிள்ளைகள், எல்லோரும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக பாரக்வானத் மருத்துவமனைக்கு வந்தார்கள். பார்த்த மருத்துவர்களுக்கு உணவின் மேல் சந்தேகம். மலத்தை வளர்த்துப் பார்த்ததில் ஒரு பிள்ளையிடம் லிஸ்டீரியா. சுகாதார ஆய்வாளர்கள் காப்பகத்துக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார்கள். பொலோனி. அந்தப் பொலோனியில் இருந்ததும் எஸ்டி6. அதன் உறையைப் பார்த்து ஆலைக்குப் போனார்கள். ஆலையிலும் அதே எஸ்டி6.

மார்ச் 6, பின்னிரவு

மேலே நாடு முழுக்க ஒரே பிள்ளைகள் என்று ஒரு வேகத்தில் எழுதிவிட்டேன். பத்தில் ஒன்பது என்றும் நானே எழுதியிருக்கிறேன். மிச்சம் ஒருவர் வேறு குடும்பத்து லிஸ்டீரியாவால் படுத்தவர். அவருடைய பொலோனி மேல் குற்றமில்லை. மரபணு படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அவரும் அதே கணக்கில் சேர்ந்திருப்பார்.

மார்ச் 9

சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2017 குளிர்காலம். ஒரு கர்ப்பிணியின் இரத்த வளர்ப்புப் புட்டிகள் இரண்டில் ஒன்று மட்டும், உள்ளே ஏதோ வளர்கிறது என்று, மாலையில் ஒலி எழுப்பியது. சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஊதா நிறத்தில் குட்டைக் குச்சிகள், வி எழுத்துபோல் சாய்ந்தும், வேலிக்கம்புபோல் வரிசையாகவும். தோலில் சும்மா குடியிருக்கும் டிஃப்தீராய்டு இப்படித்தான் இருக்கும். ஊசி குத்தும்போது தோலைச் சரியாகத் துடைக்காவிட்டால் புட்டிக்குள் வந்துவிடும். மாதத்துக்கு இருபது பார்ப்பேன். பிரசவப் பிரிவுக்குத் தொலைபேசியில் "தோல் கிருமியாக இருக்கலாம், ஒரு புட்டிதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலையில் அகாரில் சின்னச் சின்னச் சாம்பல் நிறப் புள்ளிகள். பழக்கத்தில் பல்குச்சியில் எடுத்து வைத்தேன். திரையில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். மதிப்பெண் 2-க்கு மேல், அதாவது நம்பலாம். கை சில்லிட்டது. மறுபடி தொலைபேசியை எடுத்தேன். பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒரு பெண். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு "நேற்றிரவே ஆம்பிசிலின் ஆரம்பித்துவிட்டேன், கர்ப்பிணிக்குக் காய்ச்சல், எதற்கும் இருக்கட்டுமே என்று" என்றார். ஆம்பிசிலின் லிஸ்டீரியாவுக்கு ஏற்ற ஆன்டிபயாடிக்; வழக்கமாக எல்லோரும் கைவைக்கும் செஃப்ட்ரையாக்சோன் லிஸ்டீரியாவைத் தொடாது. என் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்திருந்தால்? குழந்தை முன்கூட்டியே பிறந்தது, பிழைத்தது. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இயந்திரம் இல்லாவிட்டால் அந்தக் கிருமிக்குச் சரியான பெயர் வைக்க இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகியிருக்கும். ஆகவே நான் இயந்திரத்துக்கு எதிரி என்று ஃபீனிக்ஸ் தம்பி இனிமேல் எழுத வேண்டாம்.

மார்ச் 10

முந்தைய குறிப்பில் ஒரு பாதியை விழுங்கிவிட்டேன். இயந்திரம் பட்டியலாகத்தான் பெயர்களைத் தரும். முதல் வரியில் மோனோசைட்டோஜீன்ஸ். அடுத்த வரியில் லிஸ்டீரியா இன்னோகுவா, அதற்கும் 2-க்கு மேல். இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், ரைபோசோம் புரதங்களில் வித்தியாசம் சொற்பம். முதலாவது ஆளைக் கொல்லும், இரண்டாவது அநேகமாக அப்பாவி.

நான் செய்தது பழைய வேலை. இரத்த அகாரில் ஒரு புள்ளியை வளைய ஊசியால் மெல்ல ஒதுக்கிவிட்டு, தட்டை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தேன். புள்ளி உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும், புள்ளி அளவே, சிவப்பு கரைந்து வெளுத்திருந்தது. மோனோசைட்டோஜீன்ஸ் இரத்தத்தைக் கரைக்கும், இன்னோகுவா கரைக்காது. கூட்டத்தை ஒதுக்காமல் பார்த்தால் இந்த வெளுப்பு தெரியவே தெரியாது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த அம்மா பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓய்வில் இருக்கிறார். மரபணுவரிசை என்றால் காது கேட்காததுபோல் இருப்பார்.

இதேபோல் குடல் கிருமிகளான ஈ. கோலையையும் ஷிகெல்லாவையும் பிரிக்க மால்டி-டாஃபை நம்பக்கூடாது. மரபணு வழியில் பார்த்தால் ஷிகெல்லா என்பது உண்மையில் ஈ. கோலைக்குள் ஒரு கிளைதான், மருத்துவர்கள் பழக்கத்தால் தனிப் பெயரில் அழைக்கிறார்கள். ஆகவே இயந்திரம் குழம்புவதில் நியாயம் இருக்கிறது.

மார்ச் 13

"வளர்க்காமல் நேரடியாக மரபணுவைப் பிடிக்கலாமே, காசநோய்க்குச் செய்கிறார்களே" என்கிறார் ஃபீனிக்ஸ் தம்பி. விடமாட்டார்.

செய்கிறார்கள், நல்ல வேலையும் செய்கிறது. காசநோய்க் கிருமி அகாரில் முளைக்க ஆறு வாரம்கூட ஆகும். ஜீன்எக்ஸ்பர்ட் பெட்டியில் சளியைப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அடங்குமா என்று சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது, நம் நாடு 2011-லேயே பரவலாக வைக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் மாகாணமான குவாசுலு-நடாலில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். இங்குள்ள டுகேலா ஃபெரியில் 2005, 2006-இல், சோதித்த எல்லா மருந்தையும் எதிர்த்து நின்ற காசநோய் 53 பேருக்கு வந்து 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாளுக்குள் போய்விட்டார்கள். வளர்ப்பு முடிவு வந்து சேர்ந்தபோது அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

ஆனால் இரண்டு சங்கடம். ஒன்று, பெட்டி முழு மரபணுத்தொகுப்பையும் படிப்பதில்லை. மருந்து எதிர்ப்புக்கு அது பார்ப்பது ஒரே மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. அந்தத் துண்டுக்கு வெளியே மாற்றம் நடந்தால் அதற்குத் தெரியாது. பக்கத்து ஸ்வாசிலாந்தில் (இப்போது எஸ்வாட்டினி) 2009-இல் சேகரித்த, பல மருந்துகளை எதிர்க்கும் காசநோய்க் கிருமிகளில் 30 சதவீதம் அப்படி நழுவக்கூடியவை. வாசலில் காவல்காரன் நிற்கிறான், திருடன் கொல்லைப்புறமாக வருகிறான்.

இன்னொன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது. கணவரின் பெரியப்பா, மெரிபேங்க். முன்பே காசநோய்க்கு மருந்து முடித்தவர். இருமல் என்று போனார். புதிய வகைப் பெட்டியில் "சுவடு" என்று முடிவு. வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அவர் தண்ணீர் குடித்த லோட்டாவைப் பெரியம்மா தனியாக வாசலில் கவிழ்த்துவைத்தார். ஆறு வாரம் கழித்து வளர்ப்பில் ஒன்றும் முளைக்கவில்லை. செத்த கிருமியின் மரபணுத் துணுக்குகள் நெஞ்சில் மிச்சமிருந்திருக்கின்றன, பெட்டி அதை எண்ணியிருக்கிறது. டிஎன்ஏவைப் பார்த்து உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. லோட்டா இன்னும் வாசலில்தான் இருக்கிறது. இப்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் பயன்படுகிறது.

மார்ச் 14

டுகேலா ஃபெரி பற்றி இன்னொன்று, தூக்கம் வராததால். அந்தக் கிருமியின் மூதாதையர்களை மரபணு வழியே பின்னோக்கித் தேடி 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. ஐசோனியசிட் மருந்துக்கு அடங்காத முதல் மாற்றம் ஏறக்குறைய 1957-இல் நிகழ்ந்திருக்கிறது. அதன் மேல் ஒன்று, அதன் மேல் ஒன்று என்று மாற்றங்கள் அடுக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. 2006-இல் உலகம் திடுக்கிட்டபோது அது ஐம்பது வருடச் சேமிப்பு. என் மாமியார் 1957-இல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

மார்ச் 17

வெந்தயம்.

ஏன் என்று சொல்கிறேன். 2011-இல் ஜெர்மனியில் ஈ. கோலை ஓ104 பரவி ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மரபணுத்தொகுப்பைச் சில நாளிலேயே படித்து இணையத்தில் போட்டார்கள், உலகம் முழுக்க ஆளாளுக்கு உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். ஒரு வகை ஈ. கோலை, வைரஸ் வழியாக இன்னொன்றின் நச்சு மரபணுவை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. பிரமாதம். ஆனால் அது எந்த இலையில் உட்கார்ந்து வந்தது? முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள். அதிலிருந்த கிருமி வேறு வகை. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் லாரி லாரியாகக் கொட்டிவிட்டார்கள். கடைசியில் உணவகங்களில் யார் எந்தத் தட்டு வாங்கினார்கள், அந்தத் தட்டில் சமையல்காரர் என்னென்ன தூவினார் என்று கேட்டுக் கேட்டுத்தான் முளைகட்டிய தானியத்துக்கு வந்தார்கள். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை.

இதை வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. மாமியார் இரண்டு மாதம் வெந்தயக் குழம்பு வைக்கவில்லை. குழம்பில் கொதிக்கிறதே அம்மா, பச்சையாக முளைகட்டித் தின்றதால் வந்தது என்றேன். "உனக்கென்ன தெரியும், பொலோனியையும் நீதானே வாங்கிவந்தாய்" என்றார். வாங்கிவந்தது அவர் மகன்.

மார்ச் 20

ஃபீனிக்ஸ் தம்பி இறங்கி வந்திருக்கிறார். "சரி அக்கா, தொழிற்சாலை வாசலில் எதைத்தான் வைப்பது?"

வாசலில் எதையும் வைக்காதீர்கள். தரையில் தண்ணீர் போகும் சாக்கடை வாய், இறைச்சி வெட்டும் கத்திக்குப் பின்புறம், குளிர்விப்பானிலிருந்து நீர் சொட்டும் இடம், இங்கெல்லாம் பஞ்சால் துடைத்து எடுங்கள். பொலோனி வேகும்போது லிஸ்டீரியா செத்துவிடும். வெந்த பிறகு, உறை போடுவதற்குள் இந்த இடங்களிலிருந்துதான் மறுபடி ஏறும். பொலோனியிலும் 25 கிராம் வெட்டி எடுத்து கிருமி வளர்க்கும் ஊட்டத் திரவத்தில் போட்டு ஒரு நாள் வையுங்கள். முளைத்தால் பல்குச்சி, முளைத்ததை மரபணு படிக்க அனுப்புங்கள். இதையே மாதாமாதம் செய்து பழையதோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு லிஸ்டீரியா வந்தால் அது வெளியிலிருந்து வரும் விருந்தாளி, வாசல் வழியை அடைக்கலாம். ஒரே முகம் ஐந்து மாதமாக வந்தால் உள்ளேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறது, தரையைப் பெயர்க்க வேண்டியதுதான். மரபணுத்தொகுப்பின் உண்மையான உபயோகம் இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆள் செத்த பிறகு மூலம் தேடுவதில் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிஸ்டீரியோசிஸ் வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2017 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை ஆய்வகங்களில் முளைத்தவற்றில் பல அந்தந்த ஊரிலேயே குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. குப்பைக்குப் போன கிருமிக்கு யார் மரபணு படிப்பது?

மார்ச் 21

பல்குச்சி தீர்ந்துவிட்டது. கிடங்கில் கேட்டால் "சமையலறைப் பொருள் வாங்க அனுமதி இல்லை" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது முறை. வேலை முடிந்து வரும் வழியில் கடையில் இரண்டு பெட்டி வாங்க வேண்டும். வாசனை போட்டதை வாங்கக்கூடாது, போன தடவை புதினா வாசனைக் குச்சியை வாங்கி வந்தார்கள், யாருக்கும் அதை இயந்திரத்தில் வைக்கத் துணிச்சல் வரவில்லை. டனாகா இங்கே இருந்தால் வைத்திருப்பார்.